அப்பாவின் இருதயத்தைப் பற்றி யாரிடம் கேட்பது?

சில மாதங்களுக்கு முன் புத்தூரில் எமது மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பேரை இரத்தப் பரிசோதனைக்காகக் கிளினிக் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்த பெண்கள் வாங்கில் வரிசையாக இருந்தார்கள். தாதி ஒருவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிவம் நிரப்பினார். பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தார்.

"அப்பாவுக்கோ கூடப்பிறந்த ஆம்பிளையளுக்கோ 55 வயதுக்கு முதல் மாரடைப்பு வந்ததோ? அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிமாருக்கோ 65 வயதுக்கு முதல் வந்ததோ?"

மலர் அக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்) சற்று நேரம் தாதியின் முகத்தையே பார்த்தார். அவருக்கு 46 வயது. தந்தையார் 1996 இல், தென்மராட்சியில் இடம்பெயர்ந்திருந்தபோது, செல் விழுந்து இறந்தவர். அப்போது அவருக்கு வயது 39.

"அப்பா செல் பட்டுத்தான் செத்தவர் மிஸ். மாரடைப்பு வாற வயசுமட்டும் அவரை ஆர் இருக்க விட்டது?"

தாதி ஒன்றும் பேசவில்லை. "இல்லை" என்ற பெட்டியில் ஒரு சரி அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவரில் பிழை சொல்ல வரவில்லை. படிவத்தில் "ஆம்", "இல்லை" என்று இரண்டு பெட்டிகள்தான் இருந்தன.

ஆனால், அந்த "இல்லை" என் மனதைவிட்டு அகலவில்லை. மலர் அக்காவின் தந்தைக்கு இருதய நோய் இல்லை என்பது எங்களுக்குத் தெரியுமா? தெரியாது. "இல்லை" என்பதும் "தெரியாது" என்பதும் ஒன்றல்ல. எமது பகுதியில் எத்தனை பெண்களின் படிவங்களில் இப்படி ஒரு "இல்லை" எழுதப்பட்டிருக்கும்?

நான் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். இருதயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. எனவே வைத்தியர் ஒருவரிடம் கேட்டும், நூல்களை வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வெங்காயமும் மண்ணும்

எமது உடலிலுள்ள பெரும்பாலான கலங்களுக்குள்ளும் ஒரு நீண்ட எழுத்து வரிசை இருக்கிறது. ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். அதில் சில பகுதிகள் ஒவ்வொன்றும் உடலுக்கு ஒரு வேலையைச் சொல்லிக் கொடுக்கின்றன. இப்பகுதிகளையே பரம்பரையலகுகள் என்கிறோம். ஒரு பிரதி தாயிடமிருந்தும் மற்றப் பிரதி தந்தையிடமிருந்தும் எங்களுக்குக் கிடைக்கின்றன. கையால் பார்த்து எழுதும்போது எழுத்துப் பிழை வருவதுபோல இதிலும் மாற்றங்கள் ஏற்படும். பெரும்பாலான மாற்றங்களால் தீங்கில்லை. சில மாற்றங்கள் மட்டும் நோய்க்கு வழிவிடுகின்றன.

இருதய நோயில் இதற்குத் தெளிவான உதாரணம் ஒன்றுண்டு. இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்திரோலை ஈரலே பிடித்து அகற்றுகிறது. அவ்வாறு பிடிக்கும் "கை" ஒன்று ஈரல் கலங்களில் இருக்கிறது. அந்தக் கையை ஆக்கும் பரம்பரையலகில் பிழை இருந்தால் கொலஸ்திரோல் இரத்தத்திலேயே தங்கி, சிறு வயதிலிருந்தே நாடிகளில் படியத் தொடங்கும். இந்தக் கையைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகளான பிரவுன், கோல்ட்ஸ்ரைன் ஆகிய இருவருக்கும் 1985 இல் நோபல் பரிசு கிடைத்தது. இக்குறைபாடு உலகில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்புச் சரிபாதி. மெலிந்தவராக இருந்தாலும், மரக்கறிச் சாப்பாடு மட்டும் சாப்பிடுபவராக இருந்தாலும் கொலஸ்திரோல் உயர்ந்தே இருக்கும். சிலருக்குக் கண் இமையோரத்தில் மஞ்சள் நிறப் படிவோ குதிக்கால் நரம்பில் தடிப்போ தெரியலாம். பலருக்கு எந்த அடையாளமும் இராது. இரத்தம் எடுத்துப் பார்த்தாற்தான் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது ஒரு பரம்பரை நோய். ஆனாலும் மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடியது. "பரம்பரை" என்ற சொல்லைக் கேட்டவுடன் "தலைவிதி" என்று கையை விரித்துவிட வேண்டியதில்லை.

புத்தூர்த் தோட்டக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரே குடிலில் கட்டித் தொங்கவிட்ட விதை வெங்காயத்தை இரண்டு தோட்டங்களில் நட்டால் விளைச்சல் ஒரே மாதிரியா வருகிறது? மண்ணும் தண்ணீரும் பசளையும் பராமரிப்பும் சேர்ந்துதானே வெங்காயம்.

மதுரையில் தெரியவந்த 25 எழுத்துகள்

எங்களைப் போன்ற தென்னாசிய மக்களிடம் மட்டும் பரவலாகக் காணப்படும் பரம்பரை மாற்றம் ஒன்று 2009 ஆம் ஆண்டில் உலகச் செய்தியானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையம் ஆகியவற்றைச் சேர்ந்த தண்டபாணி, தங்கராஜ் முதலிய ஆய்வாளர்கள் பிற நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து "நேச்சர் ஜெனெட்டிக்ஸ்" என்ற சஞ்சிகையில் இதனை வெளியிட்டார்கள். இருதயத் தசையின் இழைகளைப் பிணைத்து வைக்கும் புரதம் ஒன்றுண்டு. அதை ஆக்கும் பரம்பரையலகில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போயிருப்பதே அந்த மாற்றம். இந்திய உபகண்டத்து மக்களில் 100 பேரில் சுமார் 4 பேரிடம் இது இருப்பதாகவும், ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்றும் அவர்கள் கணித்தார்கள். இலங்கை மக்களிடமும் இது காணப்பட்டது.

இம்மாற்றம் உள்ளவர்களில் பலர் இளவயதில் நலமாகவே இருப்பார்கள். நடுவயதுக்குப் பின் இருதயத் தசை பலவீனமடைந்து மூச்சுவாங்குதல், கால்வீக்கம், இருதயச் செயலிழப்பு என்று போகும் ஆபத்துக் கூடுதல் என்பது அவர்கள் கண்ட முடிவு. இத்தனை காலமாக இது ஏன் மறைந்து போகாமல் வந்தது என்பதற்கும் இதிலேயே விடையுண்டு. நோய் வருமுன் பிள்ளைகள் பிறந்துவிடுகிறார்கள். மாற்றமும் அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. 2020 இல் வெளிவந்த மறுஆய்வொன்று, இருதயத் தசை தடிக்கும் நோயைப் பொறுத்தவரையில் அந்த 25 எழுத்துக் குறை தனியே நின்று பெரிய தீங்கு செய்வதில்லை என்று காட்டியது. அக்குறை உள்ளவர்களில் மிகச் சிலரிடம் கூடவே வரும் இன்னொரு அரிய எழுத்து மாற்றமே அங்கு முக்கிய காரணம் என்று தெரியவந்தது. அதாவது, "உன்னிடம் இந்த மாற்றம் இருக்கிறது, ஆகவே உனக்கு இந்த நோய் வரும்" என்று எவரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆய்வாளர்களே தம் முடிவுகளைத் திரும்பத் திரும்பச் சோதித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மாரடைப்புக்குப் பின்

நோய் வருவதில் மட்டுமல்ல, வந்தபின் ஏற்படும் சிக்கல்களிலும் பரம்பரையலகுக்குப் பங்குண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கும், நாடியில் "ஸ்ரென்ட்" வைத்தவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரினோடு குளோபிடோகிரெல் என்ற மாத்திரையும் கொடுப்பதுண்டு. எமது பகுதியிலும் பல வீடுகளில் இந்த மாத்திரை இருக்கிறது. இது விழுங்கியவுடன் வேலை செய்யும் மருந்தல்ல. ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதை மாற்றிக் கொடுத்த பின்பே வேலை செய்யும். சிலருக்கு அந்த நொதியம் பரம்பரையாகவே மந்தமாக இருக்கும். அவர்களுக்கு மாத்திரையின் பயன் குறையும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010 இல் இதுபற்றி எச்சரித்தது.

இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தானியாவில் வாழும் வங்காளதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினரிடம் செய்த ஆய்வு 2023 இல் வெளிவந்தது. அவர்களில் 100 பேரில் 57 பேருக்கு இந்த நொதியம் ஓரளவோ முழுமையாகவோ குறைந்திருந்தது. தாய், தந்தை இரு பக்கத்திலிருந்தும் இந்தக் குறையைப் பெற்றவர்கள் மருந்தை எடுத்தபோதும், அவர்களுக்கு இரண்டாவது மாரடைப்பு வரும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. எங்களைப் போன்ற தென்னாசியர் அவர்கள் என்பதால் இது நாங்களும் அறிந்திருக்கவேண்டிய செய்தி.

இதை வாசித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு உயிர் காக்கும் மருந்து அது. சொந்த யோசனையில் நிறுத்தினால் ஸ்ரென்ட் அடைபட்டுப் போகலாம். மாத்திரை எடுக்கும்போதும் நெஞ்சுநோ திரும்ப வந்தால் "மருந்து எடுக்கிறன்தானே" என்று இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் மாற்றிக் கொடுக்க வேறு மருந்துகள் இருக்கின்றன.

எங்கள் கையில் இருப்பது

இலங்கையில் மரணத்துக்கு முதற் காரணமாக இருப்பது இருதய நோயே. 2004 இல் வெளிவந்த "இன்ரர்ஹார்ட்" ஆய்வு 52 நாடுகளில் ஏறக்குறைய 30,000 பேரிடம் நடத்தப்பட்டது. முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் மிகப் பெரும் பகுதியை ஒன்பது காரணிகளால் விளக்கலாம் என்று அது கூறியது. புகைத்தல், கொலஸ்திரோல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், மரக்கறி பழங்கள் குறைவாக உண்ணல், உடல் உழைப்பின்மை, மதுப் பழக்கம் என்பனவே அவை. இலங்கை உட்பட ஐந்து தென்னாசிய நாடுகளின் விபரங்கள் 2007 இல் தனியாக வெளிவந்தன. எங்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்துவிடுகிறது. மற்ற நாடுகளில் அது 59 வயதளவில்.

மன அழுத்தமும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செல்லுக்குள்ளும் இடப்பெயர்விலும் முகாமிலும் வாழ்ந்த உடல் இது. தனியாகப் பிள்ளைகளை வளர்த்து, நுண்கடன் கட்டி, காணாமல்போனவரைத் தேடி அலைந்த பெண்களின் இருதயம் சும்மா இருந்திருக்காது. இன்னொன்று புகையிலை. "நான் புகைக்கிறேல்லையே" என்று எமது அம்மாமார் சொல்வார்கள். ஆனால் வெற்றிலையோடு புகையிலை சப்புவார்கள். சப்பும் புகையிலையும் மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது என்று அதே இன்ரர்ஹார்ட் ஆய்வு காட்டியிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் விளைந்தது என்பதற்காக அது எங்களை விட்டுவைக்கப் போவதில்லை.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அமெரிக்காவில் பணியாற்றும் இருதய வைத்தியர் சேகர் கதிரேசனும் குழுவினரும் 55,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்து 2016 இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பரம்பரையால் ஆபத்து மிகக் கூடியவர்களிலும், புகைக்காமல், எடையைக் கட்டுப்படுத்தி, நல்ல உணவு உண்டு, உடலுக்கு வேலை கொடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. விதையை மாற்ற முடியாது. மண்ணைத் திருத்தலாம்.

ஒரு கொப்பி

பரம்பரையலகுப் பரிசோதனைக்குப் பணம் வேண்டும். எங்கள் பெண்களுக்கு அது எட்டாது. ஆனால் அதற்கு முதற்படியாக வைத்தியர்கள் உலகெங்கும் கேட்பது காசில்லாத ஒரு கேள்வியைத்தான்: "உங்கள் குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில்?" எங்களிடமிருந்து போர் பறித்தவற்றில் அந்தக் கேள்விக்கான பதிலும் ஒன்று. முப்பதிலும் நாற்பதிலும் செத்துப்போனவர்களின் இருதயம் எப்படியிருந்தது என்று எவருக்கும் தெரியாது.

அதனால் அடுத்த கூட்டத்துக்கு எல்லோரையும் ஒரு கொப்பி கொண்டுவரச் சொன்னேன். மூன்று தலைமுறையின் பெயர்களை எழுதினோம். பேரன், பேத்தி, அப்பா, அம்மா, பெரியப்பா, மாமி, அம்மான், சின்னம்மா, கூடப்பிறந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே வயதும், இறந்திருந்தால் எப்படி என்பதும்.

"மாரடைப்பு" என்று கேட்டால் பழைய ஆட்களுக்குப் பதில் வராது. "விடியப்புறம் படுத்தபடியே போட்டார்", "தோட்டத்துக்க விழுந்தவர், எழும்பேல்லை", "கால் வீங்கி, மூச்சு இழுத்து இழுத்துச் செத்தவ", "ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது" என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். வைத்தியருக்கு அது விளங்கும். ஊரில் ஆள் இல்லாவிட்டால் கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் மாமிக்கு ஒரு தொலைபேசி எடுங்கள்.

போரில் இறந்தவர்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு நேரே "நோய் இல்லை" என்று எழுதாமல் "தெரியாது" என்று எழுதுங்கள். அவர்களுடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிமார் இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள் என்பதை அருகில் எழுதுங்கள். அவர்கள் மூலம் கொஞ்சம் தெரியவரும்.

எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மா எழுதாமல் பேனையைப் பிடித்தபடியே இருந்தார். அவருடைய மகன் 2009 இல் காணாமல்போனவர். அந்தப் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து எழுத அவரால் முடியவில்லை. "நான் எழுதித் தரட்டே அம்மா?" என்று கேட்டேன்.

"எழுது பிள்ளை. வயசையும் போடு. இந்த ஆவணியோட அவனுக்கு முப்பத்தாறு."

அப்படியே எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.

இன்னுமொரு விடயம். கலியாணம் பேசும்போது குடும்பத்து நோயை மறைப்பது எங்களிடம் வழக்கம். பிறகு பிள்ளைக்கு வருத்தம் என்றால் "உன்ர ரத்தத்தால வந்தது" என்று மருமகளில் பழி விழும். பரம்பரை தாய்வழி மட்டும் வருவதல்ல. பாதி தந்தையினுடையது. மச்சான் மச்சாள் முறையில் கலியாணம் செய்யும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே குறை இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பக்கத்தாலும் வந்து நோய் கடுமையாகலாம். மறைப்பதால் எவருக்கும் நன்மையில்லை.

மலர் அக்காவின் பக்கம்

மலர் அக்கா வட்டக்கச்சியிலிருக்கும் சின்னம்மாவிடமும் இலண்டனிலிருக்கும் மாமியிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். அப்பாவின் தகப்பன் 46 வயதில் தோட்டத்துக்குள் விழுந்து இறந்திருக்கிறார். பாம்பு கடித்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்களாம். மாமிக்கு 52 வயதில் ஸ்ரென்ட் வைத்திருக்கிறார்கள். "இங்கத்தையப் பிரச்சினையளுக்க இதையேன் உங்களுக்குச் சொல்லுவான் எண்டு விட்டிட்டன்" என்றாராம்.

இரத்தப் பரிசோதனையில் மலர் அக்காவின் கொலஸ்திரோல் மிக உயர்வாக இருந்தது. கொப்பியைப் பார்த்த வைத்தியர் உடனே மாத்திரை தொடங்கியதோடு, பிள்ளைகள் இருவருக்கும் இரத்தம் பார்க்கும்படி சொன்னார். மூத்தவனுக்குச் சாதாரணம். இளையவளுக்குக் கூட. அவளுக்கு வயது 19. "ஏன் சொல்லிப் பயப்படுத்துவான்" என்று முதலில் அழுத மலர் அக்கா, இப்போது மகளையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறார். அவரது படிவத்தில் "இல்லை" என்பது வெட்டப்பட்டு, பக்கத்தில் "தந்தை: தெரியாது. தந்தையின் தகப்பன், சகோதரி: கீழே பார்க்க" என்று எழுதப்பட்டிருக்கிறது.

சகோதரிகளே, அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்த அழுத்தம், சீனி முதலியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். சுகவனிதையர் கிளினிக்கிலும் கேட்கலாம். குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது இருதய நோய் வந்திருந்தால் 35 வயதுவரை காத்திருக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுநோவோடுதான் வரும் என்றில்லை. மூச்சு முட்டுதல், தாடை, முதுகு, தோள், கை நோதல், ஓங்காளம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத கடும் களைப்பு என்றும் வரலாம். "காஸ்" என்று இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டிருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018 இலிருந்து வடக்கிலும் இச்சேவை உண்டு. இந்த இலக்கத்தை வீட்டுச் சுவரில் பிள்ளைகளுக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள்.

என்னுடைய கொப்பியிலும் அப்பாவின் பெயருக்கு நேரே "தெரியாது" என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு மாமிமாரின் விபரங்களை எழுதிவிட்டேன். பெரியப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்கவேண்டும்.